மூன்றாம் மாடி, வலது கைப்பக்கம், கடைசிக் கதவு

ஒரு கட்டடத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்ல இருபத்தொரு இங்கிலீஷ் வாசகங்கள் எனக்கு மனப்பாடம். இந்த வயதிலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். கிரவுண்டு ஃப்ளோர், ஃபர்ஸ்ட் ஃப்ளோர், அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ், டர்ன் லெஃப்ட், டர்ன் ரைட், அட் த எண்ட் ஆஃப் த காரிடார். தேவாரம் ஒன்றுகூட முழுசாக வராத வாயில் இந்தச் சனியன் மட்டும் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் ஒரு மனுஷனை இந்த நாட்டைவிட்டே அனுப்பினேன். அவர் என் மனைவியின் அண்ணன்.

கட்டடம் பினாங்கில் பீச் ஸ்திரீட்டில் இருந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்கு என் வாயால் விளம்பரம் வேறு வேண்டுமா? தரைத்தளம் போக நாலு மாடி. தரைத்தளத்தில் கப்பல் டிக்கட்டு விற்கும் ஆபீசு, முதல் மாடியில் இன்ஷூரன்ஸ், இரண்டாவதில் ரப்பர் தரகர்கள், மூன்றாவதில் ஒரு வக்கீலும் ஒரு பல் டாக்டரும், உச்சியில் கட்டடத்தையே நிர்வாகம் செய்கிற துரை. முன்பக்கம் தேக்குப் படிக்கட்டு அகலமாக, பளபளவென்று இருக்கும். பின்பக்கம் ஓர் இரும்புப் படி உண்டு. அது எங்களுக்கும் கக்கூசு அள்ளுகிறவர்களுக்கும்.

இதில் ஒரு கூத்து உண்டு. மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கிற தளத்துக்கு வெள்ளைக்காரன் எண்ணே கொடுப்பதில்லை. அதற்கு மேலே ஏறினால்தான் ஒன்று என்று தொடங்குவான். கீழே நிற்கிற மனுஷனையே எண்ணிக்கையில் சேர்க்காதவன், கீழே இருக்கிற தளத்தையா சேர்க்கப்போகிறான் என்று அப்போதே நினைத்தேன். நினைத்ததை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும்.

அங்கே நானும் என் மச்சானும் தம்பி வேலை பார்த்தோம். ஆபீசு பியூனுக்கு இந்த நாட்டில் தம்பி என்றுதான் பெயர். எனக்கு முப்பத்தெட்டு வயது, அவருக்கு நாற்பத்தைந்து. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய, மீசைகூட முளைக்காத வெள்ளைக்காரப் பையன் எங்கள் இருவரையும் தம்பி என்று கூப்பிடுவான். உறவுச் சொல்லை எடுத்து எங்களையே அடித்தார்கள். மச்சான் அதற்கும் சிரித்த முகத்தோடு போய் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வேலை, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவது. இன்ன இடம் என்று வாயால் சொல்லும் வழக்கமே கிடையாது. வருகிறவர் ஆபீசின் பெயரைச் சொல்வார். நாங்கள் மலாயில் இரண்டு வார்த்தை சொல்லி, அவர் குடையை வாங்கிக்கொண்டு, முன்னால் படியேறுவோம். கதவைத் தட்டி, உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து அவரை வாங்கிக்கொள்ளும்வரை நிற்போம். பிறகு இறங்கி வருவோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். மச்சான் இந்த வேலையைச் சாமி காரியம்போலச் செய்தார். கிழவர்கள் வந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அவர்களுக்கு மூச்சு அடங்கும்வரை ஜன்னல் வழியே துறைமுகத்தை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்வார். வேலை முடிந்தவரைத் திரும்பத் தெருவரைக்கும் கொண்டுவந்து விடுவார். யாரும் கேட்காமலே.

எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். தங்கச்சி புருஷன் சும்மா இருக்கக்கூடாது என்று முன்பிருந்த துரையிடம் கெஞ்சிக் கேட்டாராம். அதை ஒருநாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

நாங்கள் பேச்சை விட்டது என் மகனின் காதுகுத்தில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது. இது எல்லாருக்கும் தெரிந்தது. அன்று சனிக்கிழமை, எங்களுக்கு அரைநாள் வேலை. ஒரு மணிக்கு ஆபீசு சாத்தினால் நாலு மணிக்குள் குத்தி முடிக்க வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னால், கம்பம் என்று சொல்கிற பலகை வீட்டுக் குடியிருப்பில் எங்கள் வீடு. மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, மச்சானைக் காணோம். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மனைவி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிள்ளையைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டேன். அவர் எங்களுக்கு உறவே இல்லை.

குத்தி முடித்துப் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போது மச்சான் வந்தார். தலையில் சீர்த்தட்டு. வேட்டி, துண்டு, பழம், வெற்றிலை, ஒரு சோடிக் கடுக்கன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆபீசு சாத்துகிற நேரத்தில் கண் சரியாகத் தெரியாத ஒரு சீனக் கிழவர் வந்து நின்றாராம். அவர் வேலையை முடித்து, ஜெட்டிக்குக் கூட்டிப்போய்ப் படகு வரும்வரை காத்திருந்து ஏற்றிவிட்டு, வீட்டுக்கு ஓடித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாராம்.

"ஒரு கால் மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா மாப்ளே?" என்றார்.

"ஊருக்கெல்லாம் வழி காட்டுறவருக்கு எங்க வீட்டுக்கு வழி தெரியாமப் போச்சா மச்சான்?" என்றேன். சபையில், அத்தனை பேர் முன்னால்.

அவர் தட்டை இறக்கித் தரையில் வைத்தார். பிள்ளையின் காதில் இருந்த ரத்தப் பொட்டைப் பார்த்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம். ஒரே ஹாலில், ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். கடிதக் கட்டு வந்தால் நான் பெஞ்சின் நடுவில் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். "உங்க நாக்குல விஷம் இருக்கு" என்று என் மனைவி சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். ஜெட்டியில் சட்டியும் பாயும் தகரப்பெட்டியுமாகக் குடும்பங்கள் நாகப்பட்டணம் கப்பலுக்குக் காத்துக்கிடந்தன. வேலை போனவனுக்கு வேறு வேலை கிடையாது, கப்பல்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் கட்டடத்துக்குப் புதுத் துரை ஒருவன் வந்தான். அவனுக்கு மலாய் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. வந்ததும் வராததுமாக மின்சாரத் தூக்கி ஒன்று வைக்க ஏற்பாடு செய்தான். படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து உச்சிவரை குடைந்து, இரும்புக் கம்பிகளை நட்டார்கள். லிஃப்ட் என்றார்கள். பார்த்தால் புலிக்கூண்டு.

பெரிய கிராணி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆபீசுக் கணக்கர்களுக்கெல்லாம் தலைவர் அவர். நம் ஆள்தான், ஆனால் தமிழில் பேசினால் பல் கொட்டிவிடும் என்பதுபோலப் பேசுவார்.

"ரெண்டு தம்பி இனி வேணாம்னு துரை சொல்றார். ஒருத்தன் போதும். கூண்டை ஓட்டணும். வர்றவங்களுக்கு நின்ன இடத்துலயே இங்கிலீஷ்ல இடம் சொல்லணும். இந்தாங்க, இதுல இருபத்தொண்ணு இருக்கு. அடுத்த திங்கட்கிழமை துரையே கீழ வந்து கேப்பார். சரியாச் சொல்றவன் இருக்கலாம்."

"மத்தவன்?" என்று நான் கேட்டேன்.

"அவன் பாட்ட அவன் பாத்துக்க வேண்டியதுதான்."

ஆளுக்கொரு டைப் அடித்த காகிதம் கொடுத்தார். நான் சின்ன வயதில் பாதிரியார் பள்ளியில் நாலாவது வரை படித்தவன். எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். மச்சானுக்கு ஏ-யும் தெரியாது பி-யும் தெரியாது. அவர் காகிதத்தை நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். சாமி படத்தை வைப்பதுபோல.

மறுநாள் மத்தியானம் பின்பக்க இரும்புப் படியில் உட்கார்ந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் தன் தூக்குச்சட்டியோடு வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"மாப்ளே."

நான் நிமிரவில்லை.

"அந்தக் காயிதம் எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க சொன்னா மனசுல வாங்கிக்குவேன் லா."

"பெரிய கிராணிகிட்டக் கேக்குறதுதானே?"

"கேட்டேன். நான் என்ன உனக்கு வாத்தியாரான்னு எரிஞ்சு விழுந்தாரு."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் கப்பலேறணும். தெரியும்ல மச்சான்?"

"தெரியும். நாந்தான் ஏறணும்னா ஏறிக்கிறேன். ஆனா தெரியாம முழிச்சான்னு பேரு வரக் கூடாது. பதினஞ்சு வருஷம் இந்த ஹாலுல நின்னுட்டேன் மாப்ளே."

அவருக்கு மனைவி இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. பிள்ளையும் இல்லை. இந்த ஊரில் அவருக்கு இருந்தது அந்த ஹாலும் தங்கச்சியும்தான். எனக்கு மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள். அதை வைத்து என் பக்கம் நியாயம் என்று பின்னால் எத்தனையோ தடவை எனக்கு நானே வக்காலத்து வாங்கிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் நியாயத்தை யோசிக்கவே இல்லை. ஆறு வருஷம் கழித்து என்னிடம் வந்து குனிந்து நிற்கிறார் என்ற ருசிதான் நாக்கில் இருந்தது.

சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். நாலு மத்தியானம் சொல்லிக்கொடுத்தேன். மாடிகளின் பெயர்களைச் சரியாகவே சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே ஒவ்வொன்றையும் பத்துத் தரம் சொல்லுவார். நல்ல ஞாபகசக்தி. என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். நாலாம் நாள் அதைக் கண்டு எனக்குத் தோன்றிவிட்டது, இந்த ஆள் ஜெயித்துவிடுவார் போலிருக்கிறதே என்று.

அப்போதுதான் அவர் கேட்டார். "லெஃப்ட்டுன்னா எந்தக் கை மாப்ளே?"

பதினைந்து வருஷம் வெள்ளைக்காரர்களோடு மலாயிலேயே பேசிப் பழகியவர். மலாயில் கிரி என்றால் இடது, கானான் என்றால் வலது என்று தெரியும். லெஃப்ட்டும் ரைட்டும் தெரியாது.

நான் என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். விரலில் சோறு ஒட்டியிருந்தது. "இது லெஃப்ட்டு" என்றேன். "சோத்துக்கை லெஃப்ட்டு. மத்தது ரைட்டு."

"சோத்துக்கை லெஃப்ட்டு" என்று அவர் திருப்பிச் சொன்னார். தன் கையையும் தூக்கினார். "பல் டாக்டருக்கு, தேர்டு ஃப்ளோர், டர்ன் லெஃப்ட்டு, கடைசிக் கதவு. சரியா மாப்ளே?"

பல் டாக்டர் இருந்தது வலது கைப்பக்கம். "சரி" என்றேன். மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். நன்றாகவே இறங்கியது.

திங்கட்கிழமை காலை துரை ஹாலில் நாற்காலி போடச்சொல்லி உட்கார்ந்தான். பக்கத்தில் பெரிய கிராணி பென்சிலும் கையுமாக நின்றார். கூண்டு இன்னும் ஓடத் தொடங்கவில்லை, கம்பி மட்டும் நின்றது. முதலில் இன்ஷூரன்ஸுக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். என் முறை. "ஃபர்ஸ்ட் ஃப்ளோர், சார். டர்ன் லெஃப்ட். செகண்ட் டோர்." அவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏறிப்போனான். துரை தலையை ஆட்டினான். பென்சில் ஒரு கோடு போட்டது.

அடுத்து வந்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கன்னத்தைச் சுற்றிக் கைக்குட்டை கட்டி, ஒரு கையில் தடி, இன்னொரு கையில் குடை. வீங்கிய வாயால் பல் டாக்டர் பெயரைச் சொன்னாள்.

மச்சான் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "தேர்டு ஃப்ளோர், மேடம்" என்றார். கணீரென்று இருந்தது. அடுத்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தை வந்தால் முடிந்தது கதை.

கிழவி தலையைத் தூக்கிப் படிக்கட்டைப் பார்த்தாள். மேலே மேலே பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். மச்சான் திறந்த வாயை மூடிக்கொண்டார். துரையைப் பார்த்தார், கிழவியின் தடியைப் பார்த்தார். அப்புறம் எப்போதும்போல் கையை நீட்டிக் குடையை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறத் தொடங்கினார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. அட மடையா என்று மனசுக்குள் கத்தினேன். இரண்டு பேரும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் துறைமுகத்தைப் பார்ப்பதும், கிழவி கம்பியைப் பிடித்து மூச்சு வாங்குவதும் கீழேயிருந்து தெரிந்தது. அதற்குள் வேறு இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் நானே இடம் சொன்னேன். துரை பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான், கிராணியிடம் என்னவோ முணுமுணுத்தான், எழுந்து போய்விட்டான்.

மச்சான் இருபது நிமிஷம் கழித்து இறங்கி வந்தார். அவர் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் பெரிய கிராணி சொல்லிவிட்டார். "நடக்குற ஆளு துரைக்கு வேணாமாம். மாசக் கடைசிவரைக்கும் இருந்துக்கோ."

மச்சான் தலையசைத்தார். நேரே பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மேல போனதும் நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி டர்ன் லெஃப்ட்டு மேடம்னு சொல்லி, சோத்துக்கைப் பக்கம் கூட்டிட்டுப் போனேன் மாப்ளே. அந்த அம்மா நின்னு, இடது கையத் தூக்கிக் காட்டுச்சு. இதுதான் லெஃப்ட்டுன்னுச்சு. அத்தன பல்வலியிலயும் சிரிச்சுச்சு."

நான் தரையைப் பார்த்தேன். பெரிய கிராணி பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். மச்சான் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிழைப்பில் மண் விழுந்திருக்கும். அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரோ என்னவோ.

"சரி மாப்ளே" என்றார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. சரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் அவர் அந்தக் கிழவியைக் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பார். தன் காலாலேயே தோற்றிருப்பார். நான் மடியில் கனமில்லாமல் ஜெயித்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள்.

மாதக் கடைசிக்குப் பிறகு அவர் வேலை தேடி அலைந்தார். ஜெட்டியில் கேட்டார், கிட்டங்கிகளில் கேட்டார், படகேறி அக்கரையில் இருக்கிற பிறை ஊருக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். எங்கும் இல்லை. ஒருநாள் நான் இல்லாத நேரம் வீட்டுக்கு வந்து ஏழு வயதுப் பையனை மடியில் உட்காரவைத்து, பெட்டிக்குள் கிடந்த அந்தக் கடுக்கனைத் தங்கச்சியிடம் கேட்டு வாங்கித் தன் கையாலேயே போட்டுவிட்டாராம். நான் சாயங்காலம் போய்ப் பையன் காதைப் பார்த்ததும் குதித்தேன். "என் வீட்டுல என்னைக் கேக்காம என்ன நடக்குது?" என்று சட்டியைத் தூக்கி எறிந்தேன். என் மனைவி உடைந்த ஓடுகளைப் பொறுக்கினாள்.

கப்பல் ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. அன்று காலையில் அவள் கேட்டாள். "நீங்க பேச வேணாம். ஜெட்டிக்கு வந்து சும்மா நின்னாப் போதும். எங்க அண்ணே திரும்பிப் பாக்குறப்ப நீங்க நிக்கணும்."

"கூண்டை விட்டு நகரக் கூடாது. துரை உத்தரவு" என்றேன்.

சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள் என்று அவளுக்குத் தெரியாதா? அந்தக் காதுகுத்தே சனிக்கிழமைதானே. என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மணிக்குக் கட்டடம் சாத்தினார்கள். ஜெட்டி கூப்பிடு தூரம். நான் கூண்டுக்குள் உட்கார்ந்து பித்தளைக் கைப்பிடியைத் துடைத்தேன். ஏற்கெனவே பளபளவென்று இருந்ததைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். நாலு மணிக்குக் கப்பல் ஊதியது. துணியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அப்புறம் ஏழு வருஷம் அந்தக் கூண்டு. உட்கார நாற்காலி கிடையாது. துரைமாரும், மாடியில் ஆபீசு வைத்திருந்த தவுக்கேக்கள் என்கிற சீன முதலாளிகளும் மட்டும் ஏறலாம். ஏறினவர்களோடு பேசக்கூடாது, மாடி பெயர் மட்டும் சொல்லலாம். ஃபர்ஸ்ட் ஃப்ளோர், சார். கோயிங் அப், சார். சர்க்கசுக் கிளிகூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் பேசும். நான் ஜெயித்த ராஜ்யம் அதுதான். சோத்துக்கை விஷயம் என் மனைவிக்குத் தெரியாது. மச்சான் அவளிடம் சொல்லாமலே போனார். நானும் சொல்லவில்லை. ஊரிலிருந்து அவர் கடிதம் எழுதச்சொல்லி அனுப்பும்போதெல்லாம் கடைசி வரி ஒன்று தவறாமல் இருக்கும். மாப்பிள்ளை சுகமா என்று.

ஒருநாள் முற்பகல் பதினொரு மணி இருக்கும். ஒரு துரையை ஏற்றிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது பின்பக்கத்திலிருந்து "என்னங்க!" என்று ஒரு குரல் கேட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம், இரும்புப் படி வாசலில், என் மனைவியின் சேலை தெரிந்தது. அத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்ததே இல்லை. வாசலில் நின்ற ஜாகா, காவல்கார பாய், அவளை முன்பக்கம் விடாமல் பின்பக்கம் போகச் சொல்லியிருக்கிறான். என் ஆள் எந்த மாடியில் என்று கேட்டாளாம். லிஃப்ட்டுக்காரனுக்கு ஏது மாடி, மேலேயும் இருப்பான் கீழேயும் இருப்பான் என்றானாம். அவள் ஒவ்வொரு மாடியாக ஏறி வந்திருக்கிறாள். அவள் வந்து சேரும்போது கூண்டு அடுத்த மாடிக்குப் போயிருந்தது.

எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் நின்றேன். கூண்டுக்குள் துரை இருந்தான். "தேர்டு ஃப்ளோர், சார்" என்றேன். அவன் உச்சிக்குப் போகவேண்டும் என்றான். போனேன்.

உச்சியில் அவனை இறக்கிவிட்டுக் கம்பிக் கதவைச் சாத்தப்போகும்போது அவள் இரும்புப் படி ஏறி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கையில் ஒரு காகிதம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"இங்கெல்லாம் எதுக்கு வந்தே? துரை பாத்தா என்னாகும்? கீழ போ. கிரவுண்டு ஃப்ளோருக்குப் போ. பின்பக்கப் படியிலயே இறங்கி இடது கைப்பக்கம் திரும்பு. காரிடார் கடைசியில ஒரு கதவு இருக்கு. அங்க நில்லு. ஒரு மணிக்கு வர்றேன்."

அவள் முழுசாகக் கேட்டாள். நான் முடித்த பிறகு சொன்னாள்.

"அண்ணே போயிட்டாரு."

காகிதத்தை நீட்டினாள். ஓரத்தில் கறுப்பு மை தடவியிருந்தது.

அப்போது மணி அடித்தது. இரண்டாவது மாடியில் யாரோ கூண்டைக் கூப்பிட்டார்கள். நான் கம்பிக் கதவைத் திறந்தபடியே விட்டேன். கதவு திறந்திருந்தால் அந்தக் கூண்டு நகராது. அவள் கையைப் பிடித்தேன். பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்து எனக்குப் பழக்கமில்லை. இரும்புப் படியில் இரண்டு பேர் சேர்ந்து இறங்க இடம் போதாது. நான் ஒரு படி முன்னால் இறங்கி, கையைப் பின்னால் நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன். அவள் அழவில்லை. மணி விடாமல் அடித்தது. பெரிய கிராணியின் குரல் எங்கேயோ "தம்பி! தம்பி!" என்று கத்தியது. அடிக்கட்டும், கத்தட்டும் என்று இறங்கினேன்.

தரைக்கு வந்ததும் அவள் தன் கையை உருவிக்கொண்டாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"இந்த மாதிரி ஒரு நாளு, ஜெட்டி வரைக்கும் அவரைக் கூட்டிட்டுப் போய் விட்டிருக்கலாம்ல?" என்றாள்.

மேலே மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் பதிலுக்கு நிற்கவில்லை. எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.